சோம்பல் எனும் அவதூறு

மலையகத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் சட்டங்களிலிருந்தே தொடங்குவர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தங்கள் என்று அப்பட்டியல் நீளும். அவை எழுதப்பட வேண்டியவைதாம். ஆயினும் எந்தச் சட்டப் புத்தகத்திலும் ஏறாத ஒரு தீர்ப்பு, கோப்பிக் காலந்தொட்டு இம்மக்களின் தலையில் சுமத்தப்பட்டு வந்திருக்கின்றது. 'சோம்பேறி' எனும் ஒற்றைச் சொல்லே அத்தீர்ப்பு. பிரட்டுக்களத்தில் துரை சொன்னதைக் கங்காணி திருப்பிச் சொன்னான். நிறுவையில் கொழுந்து குறைந்த அன்று கணக்கப்பிள்ளை அதையே 'அரைப்பேர்' என்று புத்தகத்தில் எழுதினான். இன்று அதே சொல் வெள்ளை மேலங்கி அணிந்து வருகின்றது. "தோட்டத்து ஆட்களுக்கு ஊக்கம் கிடையாது, ரொட்டியையும் சீனி போட்ட தேத்தண்ணீரையும் விடமாட்டார்கள், பிள்ளைகளுக்கு மூளை ஓடாது, கடைசியில் சீனி வியாதி, பிரசர் என்று வந்து நிற்பார்கள்." இவ்வாறு பேசுவோர் துரைமார் அல்லர். நம்மோடு விரிவுரை மண்டபத்தில் அமர்ந்திருப்போர். சிலவேளை நம் லயத்திலேயே பிறந்து, படித்து, மேலேறிச் சென்றோர். இக்கட்டுரை அவர்களோடு வழக்காட எழுதப்படுவது.

கலைப்பீடத்து மாணவன் ஒருவன் உடற்றொழிலியலில் கைவைப்பது அத்துமீறல் எனச் சிலர் கருதக்கூடும். கொழுப்பும் நிர்ப்பீடனமும் மூளையும் மருத்துவ பீடத்தின் காணி, வேலி தாண்டாதே என்பர். ஆனால், அவதூறு விஞ்ஞானத்தின் பெயரால் சொல்லப்படும்போது விடையும் அங்கிருந்தே எடுத்துக் கொடுக்கப்படல் வேண்டும். சையத் ஹுசைன் அலடாஸ் 1977இல் எழுதிய 'சோம்பேறிச் சுதேசி எனும் கட்டுக்கதை' பற்றிய நூல், மலாய், யாவா, பிலிப்பைன்ஸ் மக்களின் மேல் குடியேற்றவாதிகள் இப்பழியை எவ்வாறு கட்டினர் என்பதைச் சமூகவியல் நோக்கில் உடைத்துக் காட்டியது. அந்நூல் தொடாத இடம் ஒன்று உண்டு. உழைப்பாளி உண்மையாகவே களைத்திருந்தால், அக்களைப்பு எங்கிருந்து வருகின்றது? கட்டுக்கதை என்று சொல்லிவிட்டு அதைக் கடந்து செல்ல முடியாது. என் தாயாரின் களைப்பு கட்டுக்கதை அன்று.

முதலில் ஒரு பழைய கதை. ஐக்கிய அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வாழ்ந்த ஏழை வெள்ளையரும் ஒருகாலத்தில் பிறவிச் சோம்பேறிகள் என்றே இகழப்பட்டனர். 1902இல் சார்ள்ஸ் ஸ்டைல்ஸ் எனும் விலங்கியலாளர், அவர்தம் குடலில் கொளுக்கிப்புழு தொற்றி இரத்தத்தை உறிஞ்சுவதே அவ்வயர்வுக்குக் காரணம் என எடுத்துக் காட்டினார். நியூயோர்க் பத்திரிகை ஒன்று அதற்குச் 'சோம்பலின் கிருமி' என்று பெயரிட்டது. எண்ணெய் வணிகத்தில் குவிந்த ரொக்பெல்லரின் பணம் இப்புழுவை ஒழிக்கப் புறப்பட்டது. 1916இல் அது இலங்கைக்கும் வந்து, மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் வேலையைத் தொடங்கியது. தொழிலாளியின் உடல் தேறினால் உழைப்புப் பெருகும் என்பதே தோட்ட உரிமையாளருக்குக் காட்டப்பட்ட ஆசை. மருந்து கொடுக்கப்பட்டது, புழு விழுந்தது. ஆனால் மலசலகூடம் கட்டச் செலவாகும். வெறுங்காலுடன் மலைக்குப் போனவர் மீண்டும் அதே மண்ணை மிதித்தார். புழு மீண்டும் ஏறியது. இதை விரிவாக அறிய விரும்புவோர் சோமா ஹேவா 1995இல் வெளியிட்ட ஆய்வு நூலை வாசிக்கலாம்.

இக்கதையில் இரண்டு செய்திகள் உள. துரை 'சோம்பல்' என்று கண்டது ஒரு நோய். அந்நோய்க்கான மருந்து, வாழ்நிலை மாறாத இடத்தில் தோற்றது. இவ்விரண்டையும் மனதிற் கொண்டு நிகழ்காலத்திற்கு வருவோம்.

கொழுப்பு என்றால் மிஞ்சிய சக்தியைக் கொட்டி வைக்கும் சாக்கு என்பதே பொதுவான எண்ணம். 1994இல் ஜெப்ரி பிரீட்மனும் அவருடைய குழுவினரும் லெப்டின் எனும் ஓமோனைக் கண்டறிந்தபின் அவ்வெண்ணம் நிலைக்கவில்லை. (அவர்கள் வேலை செய்த இடம் ரொக்பெல்லர் பல்கலைக்கழகம். கொளுக்கிப்புழுவைத் தேடி மாத்தளைக்கு வந்த அதே எண்ணெய்ப் பணம் நிறுவியது.) கொழுப்புக் கலங்கள் லெப்டினைச் சுரக்கின்றன, அது குருதியோடு சென்று மூளையின் பரிவகக்கீழ் எனும் சிறு பகுதியை அடைந்து, கையிருப்பு இவ்வளவு என்று அறிவிக்கின்றது. ஸ்டோரில் உள்ள அரிசி, மா மூடைகளை எண்ணிக் கந்தோருக்குத் துண்டு அனுப்புவதைப் போன்றது இது. துண்டில் தொகை குறைந்தால் கந்தோர் செலவைக் கட்டுப்படுத்தும். மூளையும் அதையே செய்கின்றது: உடற்சூட்டுக்கும் அசைவுக்கும் இனப்பெருக்கத்திற்கும் ஆகும் செலவைக் குறைக்கின்றது.

அத்துண்டை வாசிப்பது மூளை மட்டுமன்று. நோயோடு போராடும் வெண்கலங்களும் லெப்டினுக்குச் செவிகொடுக்கின்றன. 1998இல் லண்டன் ஆய்வாளர் குழுவொன்று பட்டினி போடப்பட்ட எலிகளில் நிர்ப்பீடனம் தளர்வதையும், லெப்டினை ஊசிமூலம் ஏற்றியதும் அது மீள்வதையும் காட்டியது. அதாவது கொழுப்பு இருப்பு வற்றும்போது, நோயெதிர்ப்பு எனும் செலவு மிக்க படையை உடல் தானே பாதி கலைத்து விடுகின்றது. பஞ்சத்தைத் தொடர்ந்து கொள்ளைநோய் வருவதன் உட்பொருளில் ஒரு பகுதி இது.

இருப்பு அளவுக்கு மீறும்போதும், அதுவும் வயிற்றுக்குள்ளும் ஈரலிலும் படியும்போதும், வேறொரு கதை நடக்கின்றது. நோயுற்ற இடத்தில் சுரக்க வேண்டிய டி.என்.எஃப். எனும் அழற்சி இரசாயனம், பருத்த எலிகளின் கொழுப்பிழையத்தில் சுரப்பதையும் அது இன்சுலினின் வேலையைக் கெடுப்பதையும் 1993இல் பொஸ்டன் நகரின் ஆய்வாளர் கண்டனர். கிருமிகளை விழுங்கும் தின்குழியங்கள் அவ்விழையத்தினுள் கூட்டங்கூட்டமாகக் குடியேறுவது 2003இல் தெரியவந்தது. பகைவன் எவனும் இல்லாத இடத்தில் படை முகாமிட்டு, இரவு பகலாகச் சிறு தீயை எரித்துக்கொண்டிருக்கின்றது. காய்ச்சல் இல்லை, புண் இல்லை; அழற்சி மட்டும் உண்டு. அதன் புகை மூளையையும் எட்டுகின்றது.

இங்கேதான் நம் வழக்குக்கு வேண்டிய சாட்சி கிடைக்கின்றது. காய்ச்சல் கண்டவர் போர்த்திக்கொண்டு மூலையில் சுருள்வதும், உணவை வெறுப்பதும், எவரோடும் பேசாதிருப்பதும் நாம் அறிந்தவை. இது நோயின் பலவீனம் என்றே நெடுங்காலம் நினைத்திருந்தோம். கலிபோர்னியாவைச் சேர்ந்த விலங்கு மருத்துவ அறிஞர் பெஞ்சமின் ஹார்ட் 1988இல் வேறு விளக்கம் தந்தார். படுத்துக்கிட என்று உடலுக்குக் கட்டளையிடுவது மூளை. சக்தியைக் காய்ச்சலுக்கும் போராட்டத்துக்கும் ஒதுக்குவதற்காக நிர்ப்பீடனத்தின் வேண்டுகோளின்படி அவ்வாறு செய்கின்றது. பின்னர், ஈரல் அழற்சிக்காக இன்ரபெரோன் எனும் நிர்ப்பீடன இரசாயனம் ஏற்றப்பட்ட நோயாளரில் பலர், முன்னர் மனச்சோர்வு ஏதுமின்றி இருந்தவர்களும்கூட, ஆழ்ந்த சோர்விலும் துயரிலும் வீழ்ந்தமை மருத்துவ உலகம் முழுவதும் பதிவாகியுள்ளது. ஊசியால் ஏற்றிய பொருள் மனிதனின் ஊக்கத்தைப் பறிக்குமானால், உடலே நாட்கணக்காக, ஆண்டுக்கணக்காகச் சிறுகச் சிறுகச் சுரந்துகொண்டிருக்கும் அப்பொருள் வகைகள் என்ன செய்யா?

களைப்புற்ற தொழிலாளி ஒவ்வொருவரின் மூளையிலும் அழற்சி எரிகின்றது என்று நான் வாதிடவில்லை. இரத்தச்சோகை இருக்கின்றது, குளிர் இருக்கின்றது, மலையேற்றம் இருக்கின்றது. (இரத்தச்சோகையிலும் நிர்ப்பீடனத்தின் கை உண்டு. அழற்சி உள்ளபோது உடல் இரும்பைக் கிருமிக்குக் கிட்டாமல் ஒளித்துவைக்கும். மாத்திரை விழுங்கியும் பயன் குறையும். உணவோடு குடிக்கும் தேநீர் எஞ்சிய இரும்பையும் உறிஞ்ச விடாது. தேயிலை எங்களிடம் வசூலிக்கும் வரிகளுள் இதுவும் ஒன்று.) நான் கேட்பது இதுதான்: இத்தனை காரணங்கள் வரிசையில் நிற்க, 'குணம்' என்ற காரணம் எப்படி முதலிடம் பெற்றது?

"தோட்டத்து ஆட்கள் மெலிந்தவர்கள் ஆயிற்றே, அவர்களிடம் எங்கே கொழுப்பு?" என்று நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. என் அம்மாயி முப்பத்தெட்டு ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். நாற்பது கிலோவைத் தாண்டாத தேகம். பெயர் எடுபட்டு வேலை நின்ற மூன்றாம் ஆண்டில் அவருக்கு நீரிழிவு என்றார்கள். சிகிச்சை நிலையத்தில் இளைஞர் ஒருவர், "வாயைக் கட்டுங்க ஆயா" என்று உரக்கச் சொன்னார். அம்மாயி, "கட்டுறதுக்கு அதுல என்ன தம்பி போட்டேன்?" என்று கேட்டுவிட்டு மருந்துத் துண்டை வாங்கிக்கொண்டார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது எனக்கு வயது பதினாறு.

அம்மாயியின் கேள்விக்குப் பூனே நகரத்து வைத்தியர் யாஜ்னிக்கின் ஆய்வுகள் விடை தருகின்றன. அவரும் லண்டன் அறிஞர் யட்கினும் அருகருகே நின்று எடுத்துக்கொண்ட புகைப்படம் ஒன்று 2004இல் லான்செட் சஞ்சிகையில் வெளிவந்தது. இருவருக்கும் உடற்றிணிவுச் சுட்டி ஒன்றே, 22.3. ஆனால் யட்கினின் உடலில் கொழுப்பு 9.1 வீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 வீதம். இருவரும் பார்வைக்கு மெலிந்தவர்களே. அதற்கு முன்னரே, 2003இல், பூனேயைச் சூழ்ந்த கிராமத்துக் குழந்தைகளை இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் குழந்தைகளோடு அவருடைய குழுவினர் ஒப்பிட்டிருந்தனர். அங்கே சராசரிப் பிறப்பு நிறை 3.5 கிலோ, இங்கே 2.7 கிலோ. இந்தியக் குழந்தையின் தசை குறைந்திருந்தது, வயிற்று உறுப்புகள் சிறுத்திருந்தன. தோலடிக் கொழுப்பு மட்டும் பெரிதும் குறையாதிருந்தது. கருவில் உணவு போதாதபோது சிசு தசையை விட்டுக்கொடுத்துக் கொழுப்பைக் காப்பாற்றிக்கொள்கின்றது.

ஏன் காப்பாற்ற வேண்டும்? மூளைக்காக என்பது ஆராய்ச்சியாளர் சிலரின் விளக்கம். பிறந்த குழந்தை ஓய்வில் செலவிடும் சக்தியில் அரைப்பங்குக்கு மேல் மூளைக்கே போகின்றது. வயிற்றோட்டமோ காய்ச்சலோ கண்டு குழந்தை பாலை மறுக்கும் நாட்களில், நிர்ப்பீடனமும் மூளையும் ஒரே கையிருப்பிலிருந்து எடுத்துண்கின்றன, அக்கையிருப்பு கொழுப்பு. கழிவுநீர் ஓடும் லயத்து வாசலில் தவழும் பிள்ளைக்கு இந்நாட்கள் ஆண்டில் எத்தனை என்பதை எந்தத் தாயும் சொல்வாள். குடல் ஓயாது அழற்சியுறும்போது உண்ட ரொட்டியில் ஒரு பங்கு போருக்குப் போகின்றது, எஞ்சியது மூளைக்கு, உயரம் கடைசி வரிசையில் நிற்கின்றது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதும் ஏறத்தாழ 17 வீதம். தோட்டத்துறையில் ஏறத்தாழ 32 வீதம். குட்டையாகிப்போன அப்பிள்ளையின் உடல், மூளையைக் காக்கத் தன் எலும்பையே அடகுவைத்திருக்கின்றது. அவனைப் பார்த்துத்தான் 'மூளை ஓடாது' என்கின்றோம்.

அக்குழந்தை வளர்ந்து உழைக்கும் வரையில் கணக்கு ஒருவாறு சமமாகின்றது. நகரத்தோடு ஒப்பிட்டால் தோட்டத்தில் நீரிழிவு குறைவு என்பதும் உண்மை. அதைச் சொல்லி மார்தட்டுவோர், அந்தச் சமநிலையைக் காத்து நிற்பது சரிவில் எட்டு மணி நேரம் கூடை சுமக்கும் கால்கள் என்பதை மறந்துவிடுகின்றனர். அம்மாயியைப் போல வேலை நின்றபின் என்ன நடக்கும்? கொழும்புக் கடைகளில் கல்லாவுக்குப் பின்னால் பதினான்கு மணி நேரம் நிற்கும் நம் தம்பிமாருக்கு நாற்பது வயதில் என்ன நடக்கும்? சிறுத்த சதையி, குறைந்த தசை, மறைந்த கொழுப்பு. அதன்மேல் வெள்ளை மாவும் சீனியும். நோய் வரும்வரை அவர்களை மெலிந்தவர்கள் என்றும், வந்தபின் வாயைக் கட்டாதவர்கள் என்றும் அழைப்போம்.

கோதுமை மாவை எம்மக்கள் தேர்ந்து எடுத்தனர் என்று யாரும் சொல்ல வேண்டாம். தோட்டம் மாதாமாதம் அளந்து கொடுத்துச் சம்பளத்தில் கழித்துக்கொண்ட பண்டம் அது. ஓர் அடி நெல்வயலும் இல்லாத மக்களுக்குப் பங்கீட்டு மாவும் அரிசியும் 1973–74இல் வெட்டப்பட்டபோது நடந்ததை நம் பாட்டன்மார் இன்னும் சொல்கின்றனர். தோட்டத்துறையின் இறப்பு வீதம் அவ்வாண்டுகளில் பாய்ந்து உயர்ந்தது. அப்பட்டினிக்குள் கருவுற்றுப் பிறந்தோர் இன்று ஐம்பது வயதைக் கடந்தவர்கள். நெதர்லாந்தில் 1944–45 குளிர்காலத்தில் ஜெர்மன் படைகள் உணவை மறித்ததால் பட்டினி கிடந்த தாய்மாரின் பிள்ளைகளை ஐரோப்பிய மருத்துவம் அரைநூற்றாண்டாகப் பின்தொடர்ந்து ஆராய்ந்திருக்கின்றது. கருவில் கண்ட பசி ஐம்பது வயதில் குருதிச் சீனியாகத் திரும்புவதை அவர்களிடமிருந்தே உலகம் கற்றது. ஆய்வேட்டுக்குப் பொருள் தேடி அலையும் மருத்துவ பீட நண்பர்கள் அட்டனுக்கும் மஸ்கெலியாவுக்கும் ஒரு முறை பஸ் ஏறிப் பார்க்கலாம்.

உணவோடு கதை முடிவதில்லை. இங்கிலாந்தின் அரச ஊழியரை மைக்கல் மார்மட் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். அனைவரும் மேசையில் இருந்து வேலை பார்ப்போர். பட்டினி கிடப்போர் எவருமிலர். ஆயினும் அடித்தரத்தில் இருந்தோர் இதயநோயால் இறந்த வீதம் உச்சத் தரத்தாரைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. புகைத்தலையும் குருதி அழுத்தத்தையும் கழித்துப் பார்த்தபின்னும் இடைவெளி முழுதாக மூடவில்லை. தன் வேலையின்மேல் தனக்கு அதிகாரம் இல்லாமை ஒரு நஞ்சு என்று அவர் முடிவு செய்தார். நெடுநாள் மன உளைச்சலில் சுரக்கும் கோர்ட்டிசோல் கொழுப்பை வயிற்றுப் பக்கம் திருப்பும் என்பது உடற்றொழிலியல் அறிந்ததே. லண்டன் எழுதுவினைஞனுக்கே இப்படியாயின், நிறுவையில் இரண்டு கிலோ குறைந்தால் நாட்கூலியில் பாதியை இழப்பவளின் வயிறு என்னவாகும்? தராசு முள்ளை அவள் பார்க்கும் பார்வையைக் கொழுந்து மடுவத்தில் நின்று கண்டவர்கள் இதை வாசித்து வியக்கமாட்டார்கள்.

இனி, எதிர்ப்பக்கத்து நியாயம் ஒன்று. "அப்படியானால் எல்லாம் கருவிலேயே எழுதப்பட்டுவிட்டது, சாராயத்தையும் வெற்றிலையையும் பற்றிப் பேசுவதே வீண் என்கின்றீரா?" இல்லை. சாராயம் வீட்டை அழிப்பதை நான் என் லயத்திலேயே கண்டவன். அதற்கு எந்த ஓமோனையும் சாட்சிக்கு அழைக்கமாட்டேன். விதி என்று கையைக் கட்டிக்கொள்வதும் துரையின் வாதத்திற்கு மறுபக்கமே. தாய் உண்டால் அடுத்த குழந்தையின் நிறை கூடும்; கழிவுநீர் மூடப்பட்டால் குடல் ஆறும். மாற்றக்கூடியவை இவை. ஆனால் மாற்றும் செலவு எவருடைய பையிலிருந்து போக வேண்டும் என்பதில்தான் எல்லாரும் கண்ணை மூடுகின்றனர். ஆயிரம் ரூபாய் நாட்கூலிக்கு ஆண்டுக்கணக்கில் வீதியில் நின்று, 2021 மார்ச்சில் அது வர்த்தமானியில் ஏறியது. 2022இல் மாவின் விலை பன்மடங்காகி அதை விழுங்கியது. அக்காலத்திலும் சுகாதார வாரங்கள் நடந்தன. மரக்கறி, முட்டை, பால் வரைந்த வண்ணப் படங்கள் பிள்ளைக்காம்பராச் சுவர்களில் ஒட்டப்பட்டன. மலசலகூடம் இல்லாமல் கொடுத்த புழு மருந்து 1916இல் என்னவாயிற்றோ, கூலி இல்லாமல் கொடுக்கும் போதனை இன்று அதுவாகின்றது. 1973இல் தொடங்கிய திரிபோஷவுக்கும் இதுவே பொருந்தும்: ஒரு பைக்கற்று வீட்டுக்கு வந்தால் அதைப் பசித்த நால்வர் பகிர்ந்து உண்பர்.

தொழிற்சங்கத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் கம்பனிகள் உற்பத்தித்திறன் பற்றிய அட்டவணைகளை விரிக்கின்றன. அவற்றுக்கு எதிராக நம்மவர் விரிப்பது உணர்ச்சியுரை. கொழும்புத் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. எத்தோட்டத்துத் தேயிலை என்ன விலைக்குப் போயிற்று என்று கிழமைதோறும் அறியலாம். அத்தோட்டத்தில் அவ்வாண்டு பிறந்த பிள்ளைகளின் சராசரி நிறை என்ன? குறிப்பு இல்லாமல் இல்லை. ஒவ்வொரு பிள்ளையின் சுகாதார அட்டையிலும் பிறப்பு நிறை எழுதப்பட்டே இருக்கின்றது; மருத்துவமாது அதைத் தன் பதிவேட்டிலும் எழுதுகின்றார். பெயர்களை நீக்கிவிட்டு, தோட்டவாரியாக அத்தொகைகளை ஆண்டுதோறும் வெளியிடுமாறு சுகாதார அமைச்சைக் கேட்பதற்குப் புதிய சட்டமோ வெளிநாட்டு நிதியோ தேவையில்லை. அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் அவ்வட்டவணை மேசைமேல் இருக்கட்டும். சங்கத்தின் வரும் பொதுக்கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாக முன்மொழிய எண்ணியுள்ளேன்; மருத்துவ பீடத்திலிருந்து எவரேனும் வழிமொழிவராயின் கோரிக்கைக் கடிதத்தை இவ்வாண்டே அனுப்பிவிடலாம்.